பாலத்தடியில் ஒரு பழைய நாடகம்

இது நடந்தது சுனாமி வந்து போன பிறகு, யுத்தம் முழுதாக முடிவதற்கு முன், இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட ஒரு வருடத்தில். இடம், மட்டக்களப்பு வாவிக்குக் குறுக்கே போகிற ஒரு பாலத்தடி. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வாவிக்குக் கடற்கரைப் பக்கம் எழுவான்கரை. அந்தப் பக்கம், வயலும் காடுமாகக் கிடப்பது படுவான்கரை. எனக்கு வீடு எழுவான்கரையில், தேற்றாத்தீவில். வேலை படுவான்கரையில், வெல்லாவெளிக்கு அப்பால் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில். வேலை என்றா சொன்னேன்? தொண்டர் ஆசிரியை. பிள்ளைகளுக்கு நான் டீச்சர், அரசாங்கத்துக்கு நான் ஒருவருமில்லை. கையில் ஒரு பட்டம் இருந்தால் நிரந்தர நியமனம் கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

பட்டத்துக்கு, பல்கலைக்கழகத்துக்குப் போகாமல் வெளிவாரியாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். எல்லாப் பாடமும் தாண்டியாயிற்று. ஒன்றே ஒன்று மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது: பழைய ஆங்கில மேடை நாடகம். வாசித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஆங்கிலம்தான், ஆனால் நாம் படித்த ஆங்கிலம் இல்லை. பாதிச் சொற்கள் அகராதியிலேயே இருக்காது. இருக்கிற சொற்களோ அதைவிட மோசம். நமக்குத் தெரிந்த முகத்தோடு வந்து நின்று வேறொரு அர்த்தத்தைச் சொல்லும். முதல் தடவை பரீட்சை எழுதியபோது நான் ஒரு பக்கம் முழுவதையும் தலைகீழாக விளங்கிக்கொண்டு, வில்லனை நல்லவன் என்று புகழ்ந்து எழுதிவிட்டு, அழகான கையெழுத்தில் எழுதியதாக வேறு சந்தோஷப்பட்டுக்கொண்டு வந்தேன். முடிவு என்ன என்று சொல்லத் தேவையில்லை. அந்த நாடகத்தை எழுதியவர் கையில் கிடைத்திருந்தால் இரண்டு கேள்வி கேட்டிருப்பேன்.

இரண்டாம் தடவைக்கு ஒழுங்காகத் தயாராக வேண்டும் என்று, பின்பக்கத்தில் சொல் விளக்கம் எல்லாம் போட்ட ஒரு புத்தகத்தைப் பாடுபட்டுத் தேடி வாங்கி வைத்தேன். அதைத்தான் கடல் கொண்டுபோனது. வீட்டையும்தான் கொண்டுபோனது. அம்மாவையும் என்னையும் விட்டுவைத்ததே பெரிது என்று இருந்த நாட்களில் புத்தகத்துக்கு அழ முடியுமா? ஆனாலும் ஒரு நாள் முகாமில் பருப்புக்கு வரிசையில் நிற்கும்போது அது ஞாபகம் வந்து, ஆட்கள் பார்க்கப் பார்க்க அழுதேன்.

என்னோடு படித்த கூட்டாளி ஒருத்தி இருந்தாள். காத்தான்குடிக்காரி. அவளும் அந்த நாடகத்தில் ஒரு தடவை விழுந்து எழும்பியவள்தான். அவளிடம் அந்தப் புத்தகம் இருந்தது. ஆனால் அவளுக்கும் பரீட்சை. கடன் தந்துவிட்டு அவள் எதைப் படிப்பாள்? முன்பெல்லாம் சனிக்கிழமைகளில் டவுனில் வகுப்பு முடிந்ததும் இரண்டு பேரும் ஒரே புத்தகத்தில் தலையை முட்டிக்கொண்டு படிப்போம். சண்டை கூடக்கூட அதுவும் நின்றுபோயிற்று. இன்றைக்குப் பாதை பூட்டு, நாளைக்குக் கடையடைப்பு, மறுநாள் சுற்றிவளைப்பு. அவள் வீட்டில் அவளை வெளியே விடப் பயம், எனக்கு அம்மாவைத் தனியே விடப் பயம்.

அப்போது அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். அவளுடைய நானா, அதாவது அண்ணன், கட்டாரில் வேலை. எங்கள் பக்கத்தில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் கடிதம் எழுதுவதைவிடப் பேசி அனுப்புவதுதான் வழக்கம். வீட்டில் எல்லாரும் சுற்றி இருந்து கசெற்றில் பேசி, சிரித்து, அழுது, தபாலில் போடுவார்கள். அதே போல நாடகத்தை எனக்குப் பேசி அனுப்புகிறேன் என்றாள். நானா கொண்டுவந்த ஒரு சின்ன வோக்மனையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள். கசெற் என்னவோ பழைய இஸ்லாமியப் பாட்டுக் கசெற். அதற்கு மேலேயே பதிந்திருந்தாள். மேலட்டையில் இன்னும் பள்ளிவாசல் படம். போட்டால் முதலில் பாட்டு கொஞ்சம் கேட்கும், பிறகு ஒரு டொக் சத்தம், பிறகு அவள்.

அவள் சொல்லித் தருகிற விதம் தனி. சொல்லுக்குக் கருத்து, சொல்லுக்குக் கருத்து என்று அடுக்கிக்கொண்டு போனால் என் மண்டையில் ஏறாது என்று அவளுக்குத் தெரியும். ஆகவே கூத்துக்கு ஆள் பிரிக்கிற மாதிரி எனக்கு ஒரு வேஷத்தைத் தந்துவிட்டாள். கதை இதுதான். ஒரு நாட்டை ஒரு டியூக் ஆள்கிறார். அவருடைய தம்பிக்கு அந்தப் பதவி மேல் கண். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தன் மாளிகைக்கு விருந்துக்கு அழைத்து, கிண்ணத்தில் நஞ்சு கலந்து அண்ணனை முடிக்கப் பார்க்கிறான். கசெற்றில் நான்தான் அந்தத் தம்பி. முதலில் ஆங்கில வரிகளை அவள் நாடகக்காரி போல ஏற்றி இறக்கி வாசிப்பாள். பிறகு தமிழில் எனக்குச் சொல்லுவாள்.

"கேட்டியாகா, இப்ப நீதான் தம்பிக்காரன். ஒனக்கு ஆட்சி வேணும். அவர் பாலத்தால வரக்கொள்ள நீ என்ன செய்யிற, கூட வாற காவல்காரனுகளப் பின்னுக்கு மறிச்சிப் போடுற. 'அனொன்' எண்டா சுறுக்கா எண்டு கருத்து. சுறுக்கா ஆள முடிக்கணும். நஞ்சி சரிவராட்டி, திரும்பிப் போகக்கொள்ள பாலத்துல வெச்சே முடிக்கணும். விளங்கினா?"

இதை வீட்டில் இருந்து வாசிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது. காலையில் பஸ் ஏறியதும் காதில் மாட்டிக்கொள்வேன். பற்றரி வாங்கிக் கட்டாது என்று, பழையதையே வெயிலில் காயப்போட்டுத் திரும்பத் திரும்பப் பாவித்தேன். பஸ்ஸில் ஆட்கள் நான் பக்திப் பாட்டுக் கேட்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

பாலத்தடியில் வழக்கமாக எல்லாரும் இறங்கி, பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையை நீட்டி, நடந்து அந்தப் பக்கம் போய் மறுபடி பஸ் ஏற வேண்டும். அது பழகிப்போயிருந்தது. அன்றைக்கு மட்டும் வழமைக்கு மாறாக நிறையப் பேர் நின்றார்கள். யாரோ பெரிய ஆள் ஒருவர் கொழும்பிலிருந்து படுவான்கரைக்கு ஏதோ ஒன்றைத் திறந்துவைக்க வருகிறாராம். அந்தப் பாலத்தால்தான் வருவாராம். பஸ் ஏறும்போது எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் என் பையில் இருப்பது என்ன என்று எனக்குத் தோன்றியிருக்காது.

சின்ன வயதுச் சிப்பாய் ஒருவர் வோக்மனை எடுத்துப் பார்த்தார். பொட்டு வைத்த டீச்சர், பள்ளிவாசல் படம் போட்ட கசெற். அவர் முகம் மாறியது. காதில் வைத்து அமத்தினார். பாட்டு போகும்வரை ஒன்றுமில்லை. டொக் சத்தத்துக்குப் பிறகு அவர் தன் அதிகாரியைக் கூப்பிட்டார். அதிகாரி நடு வயது, நெற்றி சுருங்கியே இருக்கிற ஆள். அவரும் கேட்டார். அவருக்கு ஆங்கிலம் ஓரளவு தெரியும் போல. தெரிந்ததுதான் வினை. தெரிந்த மொழி ஒன்று தெரியாத மாதிரி ஒலித்தால் யாருக்கும் சந்தேகம் வரும்.

"வட் இஸ் அனொன்?" என்று கேட்டார்.

சுறுக்காக என்று அர்த்தம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அப்படியென்றால் அப்படியே சொல்லலாமே, ஏன் இந்தச் சொல், என்று கேட்டார். நானும் பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்ததாகத் தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவரை அழைத்தார்கள். அவர் ஒரு காதில் வைத்துக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் என்னைப் பார்க்கவில்லை, பாலத்தைப் பார்த்தார். பிறகு சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். எனக்குச் சிங்களம் அரைகுறை. ஆனாலும் பாலம், காவல், முடிக்கணும் என்ற மூன்றும் எந்த மொழியில் வந்தாலும் விளங்கும். அந்த நேரம்தான் என் கூட்டாளியின் குரலை நான் மற்றவர்களின் காதால் கேட்டேன். ஒரு பெண், இன்னொரு பெண்ணுக்கு, பாலத்தில் வைத்து ஒரு பெரிய ஆளை முடிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிறாள்.

இது நாடகம் என்றேன். நாடகம் என்றால் புத்தகம் எங்கே என்றார்கள். சுனாமி கொண்டுபோயிற்று என்றேன். அதைச் சொல்லும்போதே எனக்கு அலுத்துப்போயிற்று. அந்த வருடங்களில் எங்கள் கரையில் எதைக் கேட்டாலும் அதுதான் பதில். பிறப்புச் சான்றிதழ் எங்கே, காணி உறுதி எங்கே, லைசன் எங்கே, எல்லாவற்றையும் சுனாமி கொண்டுபோயிற்று. எல்லாம் உண்மைதான். ஆனால் எத்தனை பேர் சொல்லி அவர்கள் கேட்டிருப்பார்கள்! உண்மையும் பாவித்துப் பாவித்துத் தேய்ந்துபோகும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பஸ்ஸை மறித்துவிட்டார்கள். ஒருவரும் போக முடியாது. கொண்டக்டர் தலையில் கை வைத்தார். வட்டைக்குப் போக வந்த கமக்காரர்கள் வயல் வேலை கெடுகிறதே என்று முணுமுணுத்தார்கள். தினமும் என்னோடு வருகிற ஒரு அக்கா, எழுவான்கரையில் இறால் வாங்கி அந்தப் பக்கம் கொண்டுபோய் விற்பவர், கூடையை வீதியோர மரத்து நிழலுக்கு இழுத்து வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். வெயில் ஏறினால் அவருடைய இறால் அவ்வளவுதான். எல்லாருடைய கோபமும் எனக்குப் பின்னால் சூடாகத் தெரிந்தது.

ஆனால் அதெல்லாம் ஒன்றுமில்லை. பொலிஸ்காரர் அடுத்துக் கேட்டதுதான் என்னை உலுக்கியது.

"இந்தக் குரல் யாருட? பேர் என்ன, எந்த ஊரு, வீடு எங்க?"

அந்தக் காலம் எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் பாரம் தெரியும். நான் பேரைச் சொன்னால், அன்றைக்குப் பின்னேரம் அவள் வீட்டு வாசலில் ஒரு வாகனம் போய் நிற்கும். பொழுதுபட முன்னம் திரும்பி வருவாளா, ஒரு வாரத்தில் வருவாளா, ஒருவருக்கும் தெரியாது. அவளுக்கு அப்போது கைக்குழந்தை. எனக்கு உதவி செய்ததைத் தவிர அவள் செய்த தப்பு என்ன? சொல்லாவிட்டாலோ, நான் மறைக்கிறேன் என்பதே போதும், என்னைக் கொண்டுபோக. வீதியோரம் வாகனம் ஒன்று தயாராக நிற்பதையும் கண்டேன். அம்மா பின்னேரம் வாசலில் நின்று பஸ்ஸைப் பார்ப்பாள் என்ற நினைப்பு வந்தது. கூட்டாளி என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அவர் மறுபடியும் கேட்டார். மறுபடியும் மூடிக்கொண்டேன். எனக்கு வீரம் ஒன்றும் கிடையாது. இரண்டில் எதைச் செய்தாலும் கெடுதி என்றால் வாய் தானாகவே பூட்டிக்கொள்ளும்.

அப்போதுதான் அந்த இறால்கார அக்கா வாயைத் திறந்தார்.

"ஐயா, கொஞ்சம் பொறுங்க. இது கூத்துத்தானே. தம்பிக்காரன் அண்ணன நஞ்சூட்டிக் கொல்லுறது எங்கட ஊருக் கூத்துக் களரியில நாங்க பாக்காததா? மிச்சத்தையும் சத்தமாப் போடுங்க. கேட்டா ஒங்களுக்கே விளங்கும்."

பொலிஸ்காரர் அதை அதிகாரியிடம் சொன்னார். அதிகாரி என்ன நினைத்தாரோ, காவல் கொட்டிலில் இருந்த பழைய ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றில் வோக்மனைப் பொருத்தச் சொன்னார். என் கூட்டாளியின் குரல் வாவிக்கரை முழுவதும் கேட்டது. வாசிப்பு போகும், நடுவில் "பொறுகா, மீன் கருகுது" என்று எழும்பி ஓடுவாள். சட்டி தேய்க்கிற சத்தம் கேட்கும். திரும்பி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு, "எங்க விட்ட? ஆ, நஞ்சி" என்று தொடங்குவாள். குழந்தை அழும். அதைத் தாலாட்டிக்கொண்டே டியூக்கின் கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்பாள். சிப்பாய் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்ததைப் பார்த்தேன். அதிகாரி சிரிக்கவில்லை.

ஆனால் சனம் நெருங்கி வந்துவிட்டது. கோபமாக நின்றவர்கள் ஒவ்வொருவராகக் குந்தினார்கள். கேட்டுப் பழகிய காதுகள். ஆங்கிலம் வருகிற இடத்தில் பொறுத்திருந்து, தமிழ் வருகிற இடத்தில் தலையாட்டினார்கள். டியூக்கின் மனைவி வருகிற இடம் வந்தது. கணவனுக்கு ஆபத்து என்று எப்படியோ அறிந்து, அவள் தனியே தம்பியின் மாளிகைக்குப் போய் அவன் முன்னால் நிற்கிறாள். பரீட்சைக்குக் கட்டாயம் வரும் என்று என் கூட்டாளி சொன்ன பகுதி. அவள் குரலை ஏற்றித் தொடங்கினாள். ஒரு வரி போனது. இரண்டாவது வரியில் குரல் இழுபட்டது, தடித்தது, பேய் பேசுகிற மாதிரி ஆகி, நின்றே போயிற்று.

வெயிலில் காயப்போட்ட பற்றரி. அந்த இடத்திலா உயிரை விட வேண்டும்? காவல் கொட்டிலில் தேடினார்கள். டோர்ச்சுக்குப் போடுகிற பெரிய பற்றரிதான் இருந்தது. அதிகாரி என் பக்கம் திரும்பினார். "யூ சே," என்றார். நீயே சொல்லு.

எனக்கு அந்தப் பகுதி பாடம். கேட்டுக் கேட்டுப் பாடமாகியிருந்தது. கருத்தும் பாடம்தான். அதில் பெசீச் என்றொரு சொல் திரும்பத் திரும்ப வரும், மன்றாடிக் கேட்கிறேன் என்று. என் கூட்டாளி அதற்கு இரண்டு புள்ளி என்று சொல்லியிருந்தாள். ஒரு வரி ஆங்கிலம், அதன் பின் தமிழ் என்று சொல்லத் தொடங்கினேன். கொப்பியில் எழுதிய மாதிரித்தான் முதலில் வந்தது. என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சத்தமா சொல்லு புள்ள," என்றார் இறால்கார அக்கா.

எப்படி நடந்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பெண் நாடகத்தில் முழந்தாளிட வேண்டும். நான் சரளைக்கல் குத்துகிற கிறவல் வீதியில் முழந்தாளிட்டேன். எனக்கு முன்னால் தம்பிக்காரன் நிற்க வேண்டும். அந்த இடத்தில் அதிகாரி நின்றார். உன்னிடம் படை இருக்கிறது, சாவி இருக்கிறது, எல்லாம் இருக்கிறது, என்னிடம் ஒன்றுமில்லை, இருந்தாலும் உன்னிடம்தான் கேட்கிறேன், அவரை விட்டுவிடு என்கிறாள் அந்தப் பெண். பெசீச் என்ற சொல் வந்தபோது என் மனதில் டியூக்கும் இல்லை, பரீட்சையும் இல்லை. மீன் கருகுது என்று ஓடியவளும் அவள் மடியில் அழுத குழந்தையும்தான் இருந்தார்கள். கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. துடைக்கவில்லை. அந்தச் சொல்லை மூன்றாம் தரம் சொல்லும்போது அது பழைய சொல்லாகவே எனக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு எனக்கு வேறு சொல்லே கிடைத்திருக்காது.

பொலிஸ்காரர் மொழிபெயர்க்க வாயெடுத்தார். அதிகாரி வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

முடித்ததும் அதிகாரி ஆங்கிலத்தில், அவள் யாருக்காகக் கெஞ்சுகிறாள் என்று கேட்டார். கணவனுக்காக என்றேன். தனக்காக ஒன்றும் கேட்கவில்லையா என்றார். இல்லை சேர் என்றேன். அவன் விட்டானா என்று கேட்டார்.

நாடகத்தில் அவன் விடவில்லை. கொல்கிறான். பொய் சொல்லி அவரைக் குளிர வைக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். வேறு பற்றரி தேடி, கசெற்றின் மற்றப் பக்கத்தைப் போட்டுக் கேட்டால் பொய் வெளிப்பட்டுவிடும் என்ற பயமும் இருந்தது. "இல்லை சேர், அவன் விடவில்லை," என்றேன்.

அவர் வோக்மனைக் கழற்றி, கசெற்றின் மேலட்டையை ஒரு தரம் பார்த்து, சிப்பாயிடம் கொடுத்தார். சிங்களத்தில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுக் கொட்டிலுக்குள் போய்விட்டார். பொலிஸ்காரர் அவற்றை வாங்கி, என் அடையாள அட்டையோடு சேர்த்து நீட்டினார்.

"பேர் தேவையில்லையாம். போங்க டீச்சர். இதப் பஸ்ஸில கொண்டு திரியாதீங்க."

பேர் தேவையில்லை! என் வாழ்க்கையில் அதைவிட இனிமையான ஒரு வசனத்தை எந்த மொழியிலும் நான் கேட்டதில்லை. எழும்பப் பார்த்தேன். இறால்கார அக்கா கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார். அவர் கையெல்லாம் இறால் மணம். அந்த மணம் அன்றைக்கு எனக்குச் சந்தனமாக இருந்தது. பாலத்தை நடந்து கடக்கும்போது காற்று முகத்தில் அடித்தது. நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

பஸ்ஸில் ஏறி இருந்ததும் யாரோ தண்ணீர்ப் போத்தல் தந்தார்கள். குடித்து முடிக்கவில்லை, அக்கா தொடங்கிவிட்டார்.

"அது சரி புள்ள, பிறகு அந்த மனிசன் கிண்ணத்தக் குடிச்சானா, இல்லியா?"

பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், வயிறு நோகச் சிரித்தேன். நேரம் பிந்திப்போன கமக்காரர்கள்கூட முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தார்கள். எல்லாருக்கும் மிச்சக் கதை வேண்டும். சொன்னேன். இறங்கும் இடம் வந்துவிட்டதால் பாதியில் நிறுத்தினேன். அடுத்த நாள் காலையில் ஏறியதும் எனக்கு ஒரு சீட் பிடித்து வைத்திருந்தார்கள்.

கசெற்றை வீட்டில் வைத்துவிட்டேன். அதற்குப் பதிலாகப் பரீட்சை வரும்வரை அந்த நாடகத்தைப் பஸ்ஸில்தான் படித்தேன். ஒரு காட்சியை இரவில் பாடமாக்கிக்கொண்டு காலையில் அவர்களுக்குச் சொல்லுவேன். அவர்கள் சும்மா கேட்பார்களா? தம்பிக்காரனை நம்பி அண்ணன் ஏன் ஆற்றைக் கடந்து போனான்? காவல்காரர்கள் என்ன கண்ணை மூடிக்கொண்டா இருந்தார்கள்? அந்தப் பெண்ணுக்கு அண்ணன் தம்பி இல்லையா? அக்காவுக்கு அந்த டியூக் மேல் ஒரே கோபம், கூப்பிட்ட இடமெல்லாம் போய்ச் சாப்பிடுகிறவன் ஆட்சி செய்யலாமா என்று. அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே ஒவ்வொரு சொல்லையும் துருவிப் பார்த்தேன். சொல் விளங்காத இடங்களில், இந்த இடத்தில் இந்த ஆள் வேறென்ன சொல்லியிருப்பான் என்று யோசித்தேன். பெரும்பாலும் அது சரியாகவே இருந்தது.

பரீட்சை பல தரம் பின்போடப்பட்டு ஒரு வழியாக வந்தது. வினாத்தாளில் அந்த முழந்தாளிடும் பகுதி இருந்தது. நான் பேனையை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் முகத்தை மூடிக்கொண்டிருந்தேன். மண்டபத்தில் மேற்பார்வைக்கு இருந்தவர், பாவம், இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்திருப்பார். பிறகு எழுதத் தொடங்கி, கூடுதல் தாள் கேட்டு வாங்கி எழுதினேன். இந்த முறை வில்லனை வில்லன் என்றே எழுதினேன்.

பெறுபேறு வந்தபோது யுத்தம் முடிந்திருந்தது. நானும் என் கூட்டாளியும் சித்தியடைந்துவிட்டோம். நான் பஸ் ஏறிக் காத்தான்குடிக்கு அவள் வீட்டுக்குப் போனேன், நடந்ததை முதல் தடவையாகச் சொன்னேன். அதுவரை சொல்லவில்லை. அவள் குரலை ஒரு காவல் கொட்டில் முழுக்கக் கேட்டது என்று தெரிந்தால் அவள் இரவில் தூங்கமாட்டாள் என்று பயம். மீன் கருகிய கதையைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். பேர் கேட்ட கதைக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. நடக்கத் தொடங்கியிருந்த தன் பிள்ளையை எட்டி இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எண்ட பேரச் சொல்லியிருக்கலாம்தானேகா," என்றாள், என்னைப் பார்க்காமல்.

நான் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளினேன். சோறு போட்டாள், மீன் கருகாமல் இருந்தது, அதைச் சொல்லி மறுபடியும் சிரித்தோம்.

அந்தப் பாலத்தடியில் இப்போது சோதனை இல்லை. பஸ் நிற்காமலே போகிறது. கொட்டில் இருந்த இடத்தில் யாரோ இளநீர் விற்கிறார். நான் இன்றைக்கும் அந்தப் பாதையால்தான் போகிறேன், நிரந்தர ஆசிரியையாக. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குப் பழைய நாடகம் படிப்பிக்கும்போது, இந்தச் சொற்களெல்லாம் இப்போது ஒருவரும் பாவிப்பதில்லையே, ஏன் படிக்க வேண்டும் என்று கட்டாயம் ஒரு பிள்ளை கேட்கும். முன்பு நானும் கேட்டதுதான். எழும்பி முன்னால் வா, சத்தமாகச் சொல்லு, உனக்கு வேண்டிய ஒருவருக்காகச் சொல்லு என்பேன். பெசீச் என்றால் மன்றாடு என்று எழுதினால் பரீட்சையில் புள்ளி கிடைக்கும். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கிறவல் குத்திய முழங்காலும், பேர் தேவையில்லை என்று சொல்லிக் கொட்டிலுக்குள் போன ஒரு மனிதனின் முதுகும்தான் நினைவுக்கு வருகின்றன.